ஹாபில், காபில் கல்லறைகள்: இராமேசுவரத்து மரபும் குர்ஆனின் பாடமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

இராமேசுவரம் என்றவுடன் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவன இராமநாதசுவாமி கோயிலின் நெடிய பிரகாரங்களும், 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலமும், 1964 டிசம்பரில் கடல் கொண்ட தனுஷ்கோடியுமே ஆகும். அதே தீவில், இரயில் நிலையத்துக்கு அருகே, நம் சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாகச் சென்று வரும் ஓர் இடமும் உண்டு. மனித உடலின் அளவுக்கு எவ்வகையிலும் பொருந்தாத இரண்டு நீண்ட கல்லறைகள் அங்கே உள்ளன. ஊரார் அவ்விடத்தை ‘ஆபில் காபில் தர்கா’ என்று அழைக்கின்றனர். மனித குலத்தின் தந்தையாகிய ஆதம் (அலை) அவர்களின் மைந்தர்களாகிய ஹாபிலும் காபிலும் அடங்கியுள்ள இடம் அது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி.

இச்செய்தியைக் கேட்பவர்கள் இரு வகையினராகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். ஒரு சாரார் ஐயமே இன்றி நம்புகின்றனர். மறு சாரார் அதனை முழுப் பொய் என்று கூறிச் சிரித்துவிட்டுக் கடந்து செல்கின்றனர். ஒரே வீட்டில் பாட்டியார் முதல் தரப்பிலும் பேரன் இரண்டாம் தரப்பிலும் நின்று மனம் கசந்த நிகழ்ச்சிகளும் உண்டு. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையில் நம் முன்னோர்களான ஆலிம்கள் கையாண்ட ஒரு வழி இருக்கிறது. ஒரு செய்தி எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எந்த அளவுக்கு அதனை ஏற்கலாம் என்று வகைப்படுத்திப் பார்க்கும் வழி அது. அவ்வழியில் இக்கல்லறைகளின் கதையைச் சற்று ஆராய்வோம்.

கடலோடிகள் கொண்டுவந்த செய்தி

இராமேசுவரத்து மரபைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது விளங்காது. அது ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. அச்சங்கிலியின் முதற்கண்ணி இலங்கைத் தீவில் இருக்கிறது.

ஆதம் (அலை) அவர்கள் சுவனத்திலிருந்து இறக்கப்பட்டார்கள் என்று குர்ஆன் கூறுகிறது. எந்த நாட்டில், எந்த மலையில் என்று கூறவில்லை. ஆயினும் இமாம் தபரீ (ரஹ்) போன்ற வரலாற்றாசிரியர்கள் முற்காலத்தவரிடமிருந்து வந்த பல அறிவிப்புகளைத் திரட்டித் தந்துள்ளனர். அவற்றுள் பல, ஆதம் (அலை) இந்தியப் பகுதியிலும் அன்னை ஹவ்வா (அலை) ஜித்தாவிலும் இறக்கப்பட்டார்கள் என்றும், பின்னர் இருவரும் அரபு மண்ணில் சந்தித்தார்கள் என்றும் சொல்கின்றன. இந்தியாவிலிருந்து ஆதம் (அலை) பலமுறை நடந்தே ஹஜ்ஜுக்குச் சென்றார்கள் என்ற செய்தியும் அவற்றில் உண்டு. இவை எவையும் நபி (ஸல்) அவர்கள் வாயிலாக உறுதிப்பட்ட செய்திகள் அல்ல. ஆனால் அரபு மக்களிடையே இந்நம்பிக்கை மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை.

அரபு வணிகர்கள் பருவக்காற்றை நம்பிக் கீழ்த்திசைக்குக் கப்பல் செலுத்தியபோது, ‘ஸரன்தீப்’ என்று அவர்கள் அழைத்த இலங்கையின் உயர்ந்த மலையொன்று அவர்கள் கருத்தைக் கவர்ந்தது. 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியில் பாறையில் ஒரு பெரிய காலடித் தடம் உள்ளது. கி.பி. 851-இல் அரபியில் எழுதப்பட்ட, சீனா மற்றும் இந்தியா பற்றிய செய்திகளின் தொகுப்பு ஒன்று அத்தடத்தை ஆதம் (அலை) அவர்களின் அடிச்சுவடு என்று குறிப்பிடுகிறது. ஒரு கால் மலையிலும் மறு கால் கடலிலும் இருந்தது என்றும் அத்தடம் எழுபது முழ நீளம் என்றும் அதில் சொல்லப்படுகிறது. இபுனு பதூதா 1344-இல், புத்தளத்தில் இருந்த ஆரியச் சக்கரவர்த்தி என்னும் தமிழ் மன்னர் துணையாட்களை அனுப்பி உதவ, அம்மலை மீது ஏறினார். அவர் தடத்தின் நீளத்தைப் பதினொரு சாண் என்று எழுதினார். கேள்விப்பட்டவர் சொன்ன எழுபது முழம், நேரில் கண்டவர் கணக்கில் பதினொரு சாணாகக் குறைந்ததை இங்கே கவனத்தில் வைத்துக்கொள்வோம்.

அம்மலையை நாம் ‘பாவா ஆதம் மலை’ என்கிறோம். சிங்கள மக்கள் அதனை ஸ்ரீபாத என்று புத்தருக்கு உரியதாக வணங்குகின்றனர். சைவத் தமிழர்களுக்கு அது சிவனொளிபாத மலை. ஒரே தடத்துக்கு மூன்று சமயத்தார் மூன்று பொருள் கொண்டுள்ளனர்.

இலங்கையின் மன்னாருக்கும் நமது தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவுக்கு மணல் திட்டுகள் சங்கிலிபோல் நீண்டு கிடக்கின்றன. இந்துச் சகோதரர்கள் அதனை இராமர் கட்டிய சேது என்கின்றனர். மலையில் இறங்கிய ஆதம் (அலை) இம்மணல் திட்டுகளின் வழியே இந்தியாவுக்குக் கடந்து வந்தார்கள் என்று முஸ்லிம் கடலோடிகள் கூறினர். ஆங்கிலேயர் வரைபடங்களில் பதிந்த ‘ஆதம் பாலம்’ என்ற பெயர் இந்த மரபுக்கு உரியது. அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாபுதீன் அவர்கள் மரப்படகு கட்டி, தனுஷ்கோடிக்குச் செல்லும் இந்து யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றதைக் கலாம் அவர்கள் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்கள். சேதுவைக் காணச் சென்றவர்களை ஆதம் பாலம் என்ற பெயரை அறிந்தவர்கள் தம் படகில் ஏற்றிச் சென்றார்கள். பெயரின் பொருட்டு அங்கே எவரும் படகிலிருந்து இறக்கிவிடப்படவில்லை.

இப்போது சங்கிலி முழுமை பெறுகிறது. மலையில் இறங்கியவர் பாலத்தைக் கடக்கிறார். பாலம் முடியும் இடத்தில் முதலில் கால் வைக்கும் நிலம் இராமேசுவரம் தீவு. அத்தீவில் பழமையான இரண்டு நீண்ட கல்லறைகள் இருக்குமானால், அவை யாருடையவை என்ற வினாவுக்குக் கடலோர மக்களின் உள்ளம் தரக்கூடிய விடை ஒன்றுதான். நிலத்தின் அமைப்பும் பழைய அறிவிப்புகளும் கலந்து பிறந்த விடை அது.

கல்லறை ஏன் இவ்வளவு நீளம்?

கல்லறைகளின் நீளமே காண்பவரை வியக்க வைப்பது. இதற்கும் ஒரு வேர் உண்டு. அல்லாஹ் ஆதம் (அலை) அவர்களை அறுபது முழ உயரத்தில் படைத்தான் என்றும், அதன்பின் மனிதப் படைப்பு குறைந்துகொண்டே வருகிறது என்றும் வரும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. முற்கால மனிதரின் கல்லறை நீளமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இதிலிருந்து மக்கள் மனத்தில் வேரூன்றியது.

இது இராமேசுவரத்துக்கு மட்டும் உரியதன்று. லெபனானின் கரக் நூஹ் என்ற ஊரில் நூஹ் (அலை) அவர்களுடையது என்று சொல்லப்படும் மிக நீண்ட கல்லறை உள்ளது. ஓமானின் ஸலாலாவில் நபி இம்ரான் என்ற பெயரில் முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் ஒரு கல்லறை காட்டப்படுகிறது. வட இந்தியாவிலும் பஞ்சாபிலும் இத்தகையவற்றை ‘நவ்கஸா’, அதாவது ஒன்பது கஜக் கல்லறை, என்றே அழைக்கின்றனர்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ஜித்தாவில் இருந்த ஹவ்வா (அலை) அவர்களின் கல்லறை. 1183-இல் ஜித்தாவுக்கு வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இபுனு ஜுபைர், அன்னை ஹவ்வா மக்காவுக்குச் செல்லும் வழியில் தங்கிய இடம் என்று சொல்லப்பட்ட ஒரு பழைய குவிமாடத்தைக் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் வந்தவர்களுக்கோ அது தங்கிய இடமாக இல்லாமல் அடங்கிய இடமாகக் காட்டப்பட்டது. நூறு மீட்டருக்கும் மேல் நீண்ட கல்லறை என்று அவர்கள் எழுதினர். அறுபது முழம் என்பது முப்பது மீட்டரைக்கூட எட்டாது. கல்லறையோ அதைப்போல் மூன்று நான்கு மடங்காகிவிட்டது. 1928-இல் அங்கிருந்த கட்டடம் இடிக்கப்பட்டது. 1975-இல் அவ்விடம் கான்கிரீட்டால் மூடப்பட்டது. தலைமுறைகள் செல்லச்செல்லக் கதை வளர்கிறது. கதையோடு கல்லறையும் வளர்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

நம் இமாம்கள் இவற்றையெல்லாம் சிந்திக்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று இளைஞர்கள் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வரலாற்று அறிஞர் இபுனு கல்தூன் (ரஹ்) தமது ‘முகத்திமா’வில், பழைய சமுதாயத்தார் விட்டுச்சென்ற பெருங்கட்டடங்களைக் கண்டு அவர்கள் பூதாகரமான உடல் படைத்தவர்கள் என்று மக்கள் கற்பனை செய்வதை மறுக்கிறார். ஸமூது கூட்டத்தார் பாறையில் குடைந்த வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் வாயில்கள் நம் வீட்டு வாயில்களின் அளவே உள்ளன என்பது அவர் காட்டும் ஆதாரம்.

புகாரீ நூலுக்கு மிகச் சிறந்த விரிவுரை எழுதிய இமாம் இபுனு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களும் அறுபது முழ ஹதீஸை விளக்கும்போது இதே ஸமூது வீடுகளை நினைவூட்டுகிறார்கள். மனிதப் படைப்பு படிப்படியாகக் குறைந்துவந்தது என்றால் அவ்வளவு பழைய காலத்து வீடுகள் ஏன் சிறியனவாக உள்ளன என்ற ஐயத்தை அவர்களே எழுப்புகிறார்கள். பின்னர், இவ்வையத்தைத் தீர்க்கும் விடை இதுவரை தமக்குப் புலப்படவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறார்கள். ஹதீஸைத் தள்ளவுமில்லை, கண் முன்னால் உள்ள சான்றை மறைக்கவுமில்லை. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த, ஹதீஸ் கலையின் சிகரமாக விளங்கிய ஓர் இமாம் இவ்வாறு எழுதியுள்ளார். நீண்ட கல்லறை ஒன்றைக் காட்டி, இதுதான் ஆதாரம் என்று நாம் அவசரப்பட வேண்டிய தேவை என்ன?

டமாஸ்கஸில் இன்னொரு ஹாபில்

இராமேசுவரத்துக்கு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், சிரியாவில் டமாஸ்கஸ் நகருக்கு மேற்கே பரதா ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிய மலைமீது ‘நபி ஹாபில்’ பள்ளிவாசல் இருக்கிறது. அங்கும் ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளத்தில் ஒரு கல்லறை, பசும்பட்டுப் போர்த்தப்பட்டு, ஹாபிலின் அடக்கத்தலம் என்று காட்டப்படுகிறது. அந்நகரை ஒட்டிய காசியூன் மலையில் ‘இரத்தக் குகை’ என்ற இடமும் உண்டு. முதற்கொலை நடந்தது அங்கேதான், பாறையில் தெரியும் சிவப்பு ஹாபிலின் இரத்தம் என்பது அந்நாட்டு மரபு. இபுனு ஜுபைரும் இபுனு பதூதாவும் அக்குகையைப் பற்றி எழுதியுள்ளனர்.

ஒரு மனிதருக்கு இரண்டு நாடுகளில் கல்லறை இருக்க முடியாது. ஒன்று உண்மையானால் மற்றது உண்மையன்று. இரண்டுமே அவருடையனவாக இல்லாதிருக்கவும் கூடும். மதீனாவில் உள்ள நம் நபி (ஸல்) அவர்களின் ரவ்ளாவைத் தவிர வேறெந்த நபியின் கல்லறையும் ஐயத்துக்கு இடமில்லாமல் அறியப்பட்டதில்லை என்று ஆலிம்கள் பலர் கூறியுள்ளனர். நபிமார்களின் நிலையே அவ்வாறிருக்க, ஆதம் (அலை) அவர்களின் மைந்தர்களுடைய கல்லறைகளைப் பற்றி என்ன சொல்வது!

டமாஸ்கஸிலேயே வாழ்ந்து ஹிஜ்ரி 774-இல் மறைந்த இமாம் இபுனு கஸீர் (ரஹ்) இது குறித்து எழுதியிருப்பது நாம் பின்பற்றத்தக்க அழகிய முன்மாதிரியாகும். தமது ‘அல்பிதாயா வந்நிஹாயா’ என்ற வரலாற்று நூலில் அவர்கள் இரத்தக் குகையைக் குறிப்பிடுகிறார்கள். இது வேதக்காரர்களிடமிருந்து பெறப்பட்ட செய்தி, இதன் உண்மையை அல்லாஹ்வே அறிவான் என்கிறார்கள். பின்னர், நல்லடியார் ஒருவர் கனவில் நபி (ஸல்) அவர்களையும் அபூபக்கர் (ரழி), உமர் (ரழி) ஆகியோரையும் ஹாபிலையும் கண்டதாகவும், அது தமது இரத்தமே என்று ஹாபில் சத்தியமிட்டதாகவும் சொல்லப்படும் செய்தியையும் பதிவு செய்கிறார்கள். அக்கனவு உண்மையாகவே இருந்தாலும் மார்க்கச் சட்டம் எதுவும் அதனால் ஏற்படாது என்று முடிக்கிறார்கள்.

தம் சொந்த ஊரின் பெருமைக்குரிய ஒரு மரபை அவர்கள் எள்ளி நகையாடவில்லை. மார்க்கத்தின் உறுதியான செய்திகளோடு அதனைக் கலக்கவுமில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள்.

குர்ஆன் சொன்னதும் சொல்லாததும்

இனி மூலத்துக்கு வருவோம். ஆதமின் இரு மைந்தர்களின் வரலாறு ஸூரத்துல் மாயிதாவில் 27 முதல் 31 வரையுள்ள வசனங்களில் வருகிறது. ஹாபில், காபில் என்ற பெயர்கள் அங்கே இல்லை. அவை தஃப்ஸீர் நூல்களின் வாயிலாக நமக்கு வந்தவை. பழைய ஏற்பாட்டில் ஆபேல், காயீன் என்று காணப்படுபவை. மணப்பெண் குறித்த பிணக்கு, ஒருவர் ஆடு மேய்த்தார், மற்றவர் பயிர் செய்தார் என்ற விவரங்களும் அவ்வாறே வந்தவை. வேதக்காரர்களிடமிருந்து வரும் இத்தகைய செய்திகளை உண்மையென்றும் உறுதி கூற வேண்டாம், பொய்யென்றும் மறுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள்.

குர்ஆன் சொல்வது மிகச் சுருக்கமானது. இருவர் காணிக்கை செலுத்தினர். ஒருவரிடமிருந்து ஏற்கப்பட்டது, மற்றவரிடமிருந்து ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாதவர், உன்னைக் கொன்றுவிடுவேன் என்றார். இறையச்சமுடையோரிடமிருந்தே அல்லாஹ் ஏற்கிறான் என்றும், நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் நான் உன்னைக் கொல்லக் கை நீட்டமாட்டேன் என்றும் மற்றவர் கூறினார். பிறகு அவருடைய மனமே சகோதரனைக் கொல்வதை அவருக்கு இசைவாக்கிக் காட்டியது, கொன்றார், நட்டமடைந்தார். உடலை என்ன செய்வதென்று அறியாது நின்றவருக்கு, மண்ணைக் கிளறிக் காட்டும் ஒரு காகத்தை அல்லாஹ் அனுப்பினான். இந்தக் காகத்தைப் போலாவது நான் இருக்கக் கூடாதா என்று அவர் தம்மையே நொந்துகொண்டு, வருந்துவோரில் ஒருவரானார்.

இவ்வளவுதான். ஊர் சொல்லப்படவில்லை, ஆண்டு சொல்லப்படவில்லை, பெயரும் சொல்லப்படவில்லை. கல்லறை எங்கே என்ற செய்தியும் இல்லை. ஆனால் கல்லறை எப்படித் தோன்றியது என்ற செய்தி இருக்கிறது. மண்ணில் தோண்டப்பட்ட முதல் குழி ஒரு சகோதரன் மற்றொரு சகோதரனுக்காகத் தோண்டியது. அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பறவை. இதனை அறிந்துகொள்ள நாம் எந்த ஊருக்கும் பயணம் செய்ய வேண்டியதில்லை.

குகைவாசிகளின் எண்ணிக்கை மூன்றா, ஐந்தா, ஏழா என்று மக்கள் விவாதித்ததைக் குர்ஆன் எடுத்துரைத்து, அதில் ஆழ்ந்து தர்க்கம் செய்ய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடுகிறது (18:22). புதிர்களைக் குறித்து இறைவன் கற்பிக்கும் ஒழுக்கம் இது. எண்ணிக்கையையும் இடத்தையும் பற்றி விவாதித்துக்கொண்டே, நிகழ்ச்சி எதற்காகச் சொல்லப்பட்டதோ அதனை மறந்துவிடக் கூடாது.

ஒரே இடத்தில் இரு சகோதரர்கள்

இராமேசுவரத்து மரபில் என் கவனத்தைக் கவர்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சிரியாவில் போற்றப்படுவது கொல்லப்பட்டவரின் கல்லறை. இராமேசுவரத்து மக்களோ கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒரே இடத்தில் அடக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். இது வரலாற்று உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் இவ்வாறு ஒரு கதையைப் பேணி வந்த உள்ளங்கள் எதை நினைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். கொன்றவனும் அந்தத் தாயின் பிள்ளைதான். அன்னை ஹவ்வா ஒரே நாளில் ஒரு மகனைச் சாவுக்கும் மற்றொரு மகனைப் பாவத்துக்கும் பறிகொடுத்தார்கள். சகோதரச் சண்டையில் வென்றவர் எவரும் இல்லை. பெற்றவர்கள் இரு பக்கமும் தோற்கிறார்கள்.

நம் மஹல்லாக்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கத்தியும் கம்பும் எடுத்தால்தான் காபிலின் வழி என்பதில்லை. வாப்பா மவ்த்தாகி நாற்பது நாள் ஆகுமுன் வீட்டுமனையின் பங்கு குறித்துப் பேச்சு நின்றுபோன சகோதரர்கள் எத்தனை பேர்! அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ்வே பங்குகளை வரையறுத்துத் தந்திருக்க, சகோதரியின் பங்கைத் தர மனமில்லாமல் வழக்குமன்றத்தில் காலம் கழிப்பவர்கள் எத்தனை பேர்! வளைகுடாவில் உழைத்த தம்பி கட்டிய வீட்டைக் கண்டு, ஊரிலேயே இருந்து பெற்றோரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் மனம் புழுங்குகிறான். தாய்க்கு உம்ரா செய்வித்த மகனைக் கண்டு மற்றொரு மகன் முகம் சுளிக்கிறான். அவனுடைய காணிக்கை ஏற்கப்பட்டது, என்னுடையது ஏற்கப்படவில்லை என்ற அந்தப் பழைய நெருப்பே இவற்றிலெல்லாம் எரிகிறது.

தமது காணிக்கை ஏற்கப்படாதபோது அவர் செய்திருக்க வேண்டியது தம் உள்ளத்தைச் சோதிப்பது. ஏற்கப்படாததன் காரணத்தை மற்றவர் சொல்லியும் கொடுத்தார். அது இறையச்சக் குறைவு. அவரோ காரணத்தைத் தம்மிடம் தேடாமல் சகோதரனிடம் தேடினார். மனம் அக்கொலையை இசைவாக்கிக் காட்டியது என்று குர்ஆன் சொல்லும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பெரும்பாவம் ஒரே நொடியில் பிறப்பதில்லை. மனம் சிறிது சிறிதாக அதற்கு நியாயம் கற்பித்து, கடைசியில் அதனை எளிதாக்கிவிடுகிறது. பேசாமலிருத்தல், சலாமுக்குப் பதில் சொல்லாதிருத்தல், விருந்துக்கு அழைக்காதிருத்தல் என்று அது படிப்படியாக ஏறுகிறது. இதனால்தான் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதன்று என்றும், இருவரில் சிறந்தவர் முதலில் சலாம் சொல்பவரே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

அநியாயமாகக் கொல்லப்படும் ஒவ்வோர் உயிரின் பாவத்திலும் ஆதமின் முதல் மைந்தருக்குப் பங்கு உண்டு, ஏனெனில் கொலையை முதலில் வழக்கமாக்கியவர் அவரே என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒரு வீட்டில் சகோதரப் பகையைத் தொடங்கி வைப்பவரும் இதனை எண்ணி அஞ்ச வேண்டும். அவருடைய பிள்ளைகளும் சிற்றப்பன், பெரியப்பன் பிள்ளைகளை முகம் பார்க்காமல் வளர்கிறார்கள். தீயதோர் வழக்கத்துக்கு அடிக்கல் நாட்டியவருக்கு அதன் மேல் எழும் ஒவ்வொரு மாடியிலும் பங்கு இருக்கிறது. குழப்பக் காலத்தில் என்ன செய்வது என்று ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரழி) கேட்டபோது, ஆதமின் மைந்தரைப் போல் இருந்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கொல்லக் கை நீட்டாத அந்த மைந்தரே முன்மாதிரி.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

விடுமுறைக்கு இராமேசுவரம் சென்று வந்த மாணவர்கள் மதரஸாவில், “ஹஜ்ரத், அது உண்மையிலேயே ஹாபில் (அலை) கப்றுதானா?” என்று கேட்பதுண்டு. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவதை விட, நான்கு படிகளாகப் பிரித்துச் சொல்வதே எனது வழக்கம். முதலாவது, குர்ஆன் என்ன சொல்கிறது. இரண்டாவது, உறுதியான ஹதீஸ் என்ன சொல்கிறது. மூன்றாவது, தஃப்ஸீர் நூல்களிலும் வேதக்காரர் வழியாகவும் வந்த செய்திகள் எவை. நான்காவது, ஊர் மக்கள் என்ன சொல்கிறார்கள். முதல் இரண்டையும் நாம் ஈமான் கொள்கிறோம். மூன்றாவதைக் கேட்டு வைத்துக்கொள்கிறோம். நான்காவதை ஊரின் நினைவாக மதிக்கிறோம், மார்க்கமாக ஆக்கிக்கொள்வதில்லை. அங்கு கண்ட கல்லறைகள் இந்த நான்காம் படியில் அடங்கும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதனை எளிதில் விளங்கிக்கொள்கிறது. அவ்வாறு பழகிய பிள்ளை, நாளை தொலைபேசியில் ஹதீஸ் என்ற பெயரில் வரும் எந்தச் செய்தியையும், இது எந்தப் படியைச் சேர்ந்தது என்று கேட்கும். நான்காம் படியில் உள்ளதை முதற்படியில் வைத்துக் கற்பித்தால், பிற்காலத்தில் அது பொய் என்று தெரியும்போது முதற்படியில் உள்ளவற்றின் மீதும் பிள்ளைக்கு ஐயம் பிறந்துவிடும். நாம் அஞ்ச வேண்டிய ஆபத்து அதுவே. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு கதையை உறுதி செய்துவிடும் பெற்றோரும் ஆசிரியரும் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

அதேபோல், பாட்டியார் பக்தியுடன் சொல்லும் கதையைக் கேலி செய்து அவர்கள் உள்ளத்தைப் புண்படுத்துவதும் மார்க்க அறிவு ஆகாது. ஹாபில், காபிலின் கல்லறைகளைக் குறித்து வாதம் செய்து சொந்தச் சகோதரனோடு பேச்சை முறித்துக்கொண்டால், அக்கதையிலிருந்து நாம் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் பொருள்.

கப்றுகளைச் சந்திப்பது மறுமையை நினைவூட்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அத்தீவுக்குச் செல்பவர்கள் அந்த நீண்ட கல்லறைகளைக் காணும்போது, அடங்கியிருப்பவர் யாராயினும் அவர்களுக்கு சலாம் உரைத்து, அல்லாஹ்விடம் மட்டுமே கையேந்தி வரட்டும். ஊர் திரும்பியதும், நெடுநாளாகப் பேசாதிருக்கும் சகோதரனோ சகோதரியோ இருந்தால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி முதல் சலாமைச் சொல்லட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் காணிக்கைகளை ஏற்றுக்கொள்வாயாக. எங்கள் சகோதரர்களிடமிருந்து நீ ஏற்றுக்கொண்டதைக் கண்டு மகிழும் உள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன்.